தாய்மாமன் இடத்தில் இரண்டு பெயர்

1

மைசூரில் இருப்பதைப் போய்ப் புலம்பெயர்ந்த வாழ்க்கை என்று சொன்னால், மேட்டூரில் என்னோடு படித்தவர்கள் வாய்விட்டுச் சிரிக்கிறார்கள். துபாய்க்காரன் சொல்லலாம், கனடாக்காரன் சொல்லலாம், உனக்கென்ன வந்தது என்கிறார்கள். "காலைல பஸ் ஏறுனீன்னா மத்தியானச் சோத்துக்கு வந்தரலாம். இதுக்குப் பேரு வெளியூரா?"

வந்துவிடலாம்தான். அதுதான் தொல்லையே. துபாய்க்காரன் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருகிறான். வந்தால் ஒரு மாதம் காலை நீட்டி உட்காருகிறான். வராத காலத்தில் யாரும் அவனைக் குறை சொல்வதில்லை. விமானம், விசா, முதலாளி என்று அவனுக்கு ஆயிரம் காரணம் இருக்கிறது. எனக்கும் என் ஊருக்கும் நடுவில் இருப்பது ஒரு காடும் பாலாற்று எல்லைச் சோதனைச்சாவடியும் மட்டும்தான். பக்கத்தில் இருப்பவன் சொல்லும் காரணம் எதுவும் எடுபடாது. பல வருடங்களாக நான் இந்த ‘வந்துவிடலாம்’ என்ற இடத்திலேயே நின்றுகொண்டிருக்கிறேன்.

போன வாரம் என் தங்கை கலா வாட்ஸாப்பில் ஒரு பத்திரிகை அனுப்பியிருந்தாள். அவளுடைய சின்னப் பையனுக்குக் காதுகுத்து. அச்சுக்குப் போகுமுன் சரிபார்க்கச் சொல்லிக் குரல் பதிவும் போட்டிருந்தாள். "அண்ணா, பேரெல்லாம் செரியா இருக்குதான்னு ஒருக்கா பாத்துச் சொல்லுங்ணா. பிரஸ்காரரு அவசரப்படுத்தறாரு."

விஜயநகர் வீட்டில் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். என் மகள் வர்ஷா பின்னால் வந்து தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். பத்தாம் வகுப்புப் படிக்கிறாள். வீட்டில் தமிழ் பேசுவாள், எழுத்துக்கூட்டிக்கூடப் படிக்கத் தெரியாது. கன்னடத்தில் கட்டுரைப் போட்டியில் பரிசு வாங்குகிறவள். தாய்மொழி என்ற கட்டத்தில் தமிழ் என்று நான் எழுதிக் கொடுத்த பள்ளி விண்ணப்பம் ஒன்றுதான் அவளுடைய தமிழுக்கு இன்றைக்கும் சாட்சி.

"அப்பா, இதுல நம்ம பேரு எல்லி இருக்கு?"

எங்கே என்பது அவளுக்கு எப்போதும் எல்லிதான். விரலை வைத்துப் படித்துக் காட்டினேன். தாய்மாமன் என்று போட்டு, முதல் வரியில் முருகேசன், மைசூரு. அது நான். அதற்குக் கீழே செல்வம், மேட்டூர். செல்வம் என் சித்தப்பா மகன், என்னைவிட இளையவன்.

"மடியில வெச்சுக்கறது ஒருத்தர்தானே? ரெண்டு பேரு யாக்கே?"

ஏன் என்கிறாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே கண்டுபிடித்துவிட்டாள். "ஓ, பேக்கப்பா?" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

இத்தனை வருடமாக நான் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்யும் வேலையே அதுதான்.

2

என்ன வேலை என்று ஊரில் கேட்கிறவர்களுக்கு ‘கம்ப்யூட்டர் கம்பெனி’ என்று சொல்லி முடித்துவிடுவேன். இந்தமுறை கொஞ்சம் விளக்கியே ஆக வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மைசூரின் ஹெப்பாளில் கம்பெனி பஸ்கள் வரிசையாக நுழையும் பெரிய வளாகத்தைத் தாண்டி, தொழிற்பேட்டையின் உள்தெருவில் எங்கள் அலுவலகம். சில தனியார் ஆஸ்பத்திரிகளின் கணக்கை நாங்கள் ஓட்டுகிறோம். கவுண்டரில் உங்கள் பெயரைத் தட்டுகிறார்களே, டாக்டர் எழுதும் மருந்து, ரத்தப் பரிசோதனை முடிவு, எல்லாம் வந்து சேருமிடம் எங்கள் சர்வர். எந்த இயந்திரமும் என்றைக்காவது நிற்கும். அப்படி நிற்கும்போது கவுண்டரில் நிற்பவருக்கு அது தெரியவே கூடாது. ஒன்று விழுந்தால் இன்னொன்று அதே இடத்தில் எழுந்து நின்று வேலையைத் தொடரும்படி முன்கூட்டியே ஏற்பாடு செய்து வைப்பதற்கு ஹை அவைலபிலிட்டி என்று பெயர். அந்த ஏற்பாட்டைச் செய்து காப்பாற்றுகிறவன் நான்.

முதன்மை சர்வர் மைசூரில். துணை சர்வர் கோவையில். இங்கே எழுதப்படும் ஒவ்வொரு வரியும் அப்படியே அங்கேயும் நகலாகிக்கொண்டிருக்க வேண்டும். அதுதான் ரெப்ளிகேஷன். ஹுன்சூரிலிருந்து வந்த பாட்டியின் சர்க்கரை அளவு இங்கே பதிவானால், கண்ணை மூடித் திறப்பதற்குள் கோவையிலும் பதிவாகிவிடும். பாலாற்றில் நிறுத்தி டிக்கியைத் திறக்கச் சொல்ல ஆளில்லை. கேஏ நம்பர் வண்டியா என்று ஏற இறங்கப் பார்ப்பவர் இல்லை. நாள் முழுக்க நான் அனுப்புவதெல்லாம் தமிழ்நாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. நான்தான் போவதில்லை.

இரண்டு சர்வர்களும் விடாமல் ஒன்றையொன்று விசாரித்துக்கொண்டே இருக்கும். இருக்கிறாயா, இருக்கிறேன். இருக்கிறாயா, இருக்கிறேன். இதை ஹார்ட்பீட் என்போம். பதில் வராமல் போனால் என்ன செய்வது என்பதில்தான் எங்கள் தொழிலின் மொத்த வித்தையும் இருக்கிறது. மைசூர் சர்வர் நின்றுபோயிருக்கலாம். அல்லது அது நன்றாகவே இருந்து, நடுவில் கேபிள் மட்டும் அறுந்திருக்கலாம். கோவையிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். கோவை அவசரப்பட்டு ‘இனி நானே முதன்மை’ என்று எழுந்துவிட்டால் இரண்டு தலைகள் ஆகிவிடும். இங்கே ஒரு கணக்கு, அங்கே ஒரு கணக்கு. ஒரே நோயாளிக்கு இரண்டு மருந்துச் சீட்டு. அப்புறம் எது நிஜம் என்று ஆண்டவனாலும் சொல்ல முடியாது.

இதைத் தடுக்க, மூன்றாவது ஊரில் ஒரு சின்ன இயந்திரத்தைச் சாட்சியாக வைப்பது வழக்கம். இருவரில் யார் உயிரோடு இருக்கிறார் என்று அது பார்த்துச் சொல்லும். பிறகு எல்லாம் தானாகவே நடக்கும், மனிதன் தேவையில்லை. அந்த மூன்றாவது இயந்திரத்தை நான் கேட்டேன். எழுத்தில் கேட்டேன், கூட்டத்தில் கேட்டேன், காபி குடிக்கும்போதும் கேட்டேன். எங்கள் மேலாளர் பிரகாஷ் சார் நல்ல மனிதர். தோளில் தட்டிச் சிரித்தார்.

"மூரனேது யாக்கே முருகேஷ்? நீவு இத்தீரல்லா?"

மூன்றாவது எதற்கு, நீங்கள்தான் இருக்கிறீர்களே என்கிறார். பாராட்டு என்று நினைத்து அன்றைக்கு வீட்டுக்கு மைசூர்பாகு வாங்கிப் போனேன். புத்திகெட்டவன்.

3

அதிலிருந்து லேப்டாப் பை என் உடம்போடு ஒட்டிக்கொண்டது. முடிவெட்டும் கடையில் அதை மடியில் வைத்துக்கொண்டு மேலே துணியைப் போர்த்திக்கொள்வேன். கடைக்காரர் சுரேஷ், "சார், ஒருநாள் உங்க பைக்கும் சேத்து ஷேவிங் பண்ணிடறேன்" என்பார். தசரா பொருட்காட்சியில் ராட்டினத்தில் ஏறமாட்டேன், மேலே இருக்கும்போது போன் வந்தால் இறங்க முடியாது. வர்ஷாவின் பள்ளி ஆண்டுவிழாவில் அவள் மேடையில் ஆடியதை நான் பார்த்தது வாசலில் நின்று கண்ணாடி வழியாகத்தான், காதில் போனோடு.

என் மனைவி பிரேமா மைசூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். அவளுக்கு இந்த ஊர் சொந்த ஊர், எல்லை தாண்டும் துக்கமெல்லாம் கிடையாது. அவள் ஒருமுறை சொன்னாள்: "ஜெயில்ல இருக்கிறவங்களுக்காவது பரோல் சிகுத்தே ரீ. உங்களுக்கு அதுவும் இல்ல."

சிகுத்தே என்றால் கிடைக்கும், ரீ என்றால் என்னங்க. எனக்குக் கிடைக்காது என்பதற்கு எழுத்துபூர்வமான ஆதாரம் எங்கள் விடுமுறை விண்ணப்பத்தில் இருக்கிறது. கம்ப்யூட்டரில் நிரப்ப வேண்டியது. தேதி, காரணம் எல்லாம் போட்ட பிறகு ‘பதிலாள்’ என்று ஒரு கட்டம் வரும். நீங்கள் இல்லாதபோது உங்கள் வேலையைப் பார்ப்பவர் பெயர். அதைக் காலியாக விட்டால் விண்ணப்பம் போகாது. யார் பெயரை எழுதுவது? நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்ளும் கிரீஷ் இருக்கிறான், கெட்டிக்காரன். ஆனால் தலை மாற்றும் முடிவை எடுக்க அவனுக்கு அனுமதி கிடையாது. வேறு யாருக்கும் கிடையாது. ஒருநாள் எரிச்சலில் என் பெயரையே எழுதினேன். முருகேசன் விடுமுறையில் இருக்கும்போது முருகேசனின் வேலையை முருகேசன் பார்ப்பார். சிஸ்டம் அதை ஒப்புக்கொண்டது. பிரகாஷ் சாரும் ஒப்புக்கொண்டார். அன்றிலிருந்து அப்படியேதான் எழுதுகிறேன்.

4

இனி, சில வருடங்களுக்கு முன் நடந்த, கலாவின் மூத்தவள் யாழினியின் காதுகுத்து. அதைச் சொல்லாமல் பத்திரிகையில் இரண்டு பெயர் வந்த கதை விளங்காது.

எங்கள் பக்கத்தில் காதுகுத்து என்றால் குழந்தை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். மொட்டை அடிப்பதும் அந்த மடியில்தான், காது குத்துவதும் அந்த மடியில்தான். குழந்தை வீரிட்டு அழும்போது இறுக்கிப் பிடித்துக்கொள்ளும் கை மாமனுடையதாக இருக்க வேண்டும். கூடப் பிறந்தவன் இல்லாவிட்டால் பங்காளி முறையில் ஒருவர் உட்காரலாம், குற்றமில்லை. ஆனால் கூடப் பிறந்தவன் இருக்கும்போது வேறொருவர் உட்கார்ந்தால் அதைப் பற்றி ஊர் வருடக்கணக்கில் பேசும். கலாவுக்குக் கூடப் பிறந்தவன் நான் ஒருவன். அப்பா இறந்த பிறகு பிறந்தவீடு என்று அவளுக்கு இருப்பதும் நான்தான்.

முகூர்த்தம் ஞாயிற்றுக்கிழமை காலை. சனிக்கிழமையே கிளம்பியிருக்க வேண்டும். அன்று பார்த்து ஓர் ஆஸ்பத்திரிக்காரர்கள் ஒத்திகை கேட்டார்கள். மைசூரை வேண்டுமென்றே நிறுத்தி, கோவையைத் தலையாக்கி, பிறகு பழையபடி திருப்பிக் காட்ட வேண்டும். செய்து காட்டினேன். கைதட்டினார்கள். திரும்பி வந்த சர்வர் விட்டுப்போன வரிகளையெல்லாம் எழுதிச் சமமாவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. இருட்டில் அந்தக் காட்டு வழி வேண்டாம் என்றாள் பிரேமா. விடியலில் கிளம்பினோம். சீர்த் தட்டுகள், பட்டுப்பாவாடை, தங்கக் கம்மல், பழம், வெல்லம் எல்லாம் பின்சீட்டில். வர்ஷா அவற்றுக்கு நடுவில் காதில் பாட்டோடு தூங்கினாள்.

ஹனூரில் டீக்கடையில் நிறுத்தியபோது கிரீஷ் அழைத்தான். கோவையிலிருந்து ஹார்ட்பீட் வரவில்லை, கோவைக்கும் மைசூர் தெரியவில்லை என்றான். குரலில் பதற்றம். பிரகாஷ் சாரிடம் அனுமதி கேட்டுக் கோவையை முதன்மையாக்கிவிடட்டுமா என்று கேட்டான்.

நான் டீயைக் கொட்டிவிட்டேன். "பேடா, வேண்டாம்! தொடாத கிரீஷ்! மைசூரு ஓடுதா, அதைச் சொல்லு."

ஓடுகிறதாம். கவுண்டர்களில் சீட்டுப் போடுகிறார்களாம். அப்படியென்றால் யாரோ எங்கேயோ தோண்டி கேபிளை அறுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். நான் அவனிடம் கன்னடத்தில் நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். பதில் வரவில்லை என்றால் செத்துவிட்டான் என்று அர்த்தமில்லை. ரோடு இல்லை என்று அர்த்தம். காத்திரு. நான் சொல்கிறவரை இன்னொருவனைத் தூக்கி அந்த இடத்தில் உட்கார வைக்காதே.

கோவைக்குப் போக முடியாத வரிகள் மைசூர் டிஸ்க்கில் குவிந்துகொண்டிருக்கும். டிஸ்க் நிரம்பினால் எல்லாம் நின்றுவிடும். டீக்கடை பெஞ்சில் லேப்டாப்பை விரித்து, பழைய கோப்புகளை வேறிடத்துக்கு நகர்த்தி இடம் பண்ணினேன். நிமிர்ந்தபோது பள்ளிக்கூடம் போகும் நேரத்து வெயில் ஏறியிருந்தது. பிரேமா வண்டியிலேயே உட்கார்ந்து வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கிளம்பும்போது கலா அழைத்தாள். பின்னால் கோயில் ஒலிபெருக்கி சத்தம்.

"அண்ணா, எங்கீங்ணா வந்துட்டிருக்கறீங்க?"

"ஹனூரு தாண்டிட்டேன் கண்ணு."

"முகூர்த்தத்துக்குள்ள வந்துருவீங்கல்ல? இவரு அப்பா இப்பவே மொணங்கறாரு."

"வந்துருவேன். வந்துட்டே இருக்கேன்."

5

மாதேஸ்வரன் மலை தாண்டிப் பாலாற்றுக்கு இறங்கும் வழியில் ஒரு கொண்டை ஊசி வளைவில் கல் லாரி ஒன்று அச்சு முறிந்து குறுக்கே நின்றது. முன்னால் ஒரு அரசு பஸ், நாலைந்து கார்கள். பின்னால் நாங்கள். எங்களுக்குப் பின்னால் வரிசை வளர்ந்துகொண்டே போனது. இடதுபுறம் பாறை, வலதுபுறம் பள்ளம். திருப்பிப் போகவும் வழியில்லை. போனை எடுத்தேன். ஒரு கோடுகூட இல்லை.

பஸ் டிரைவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். "கொள்ளேகாலத்துல இருந்து கிரேன் வரணும் சார். சொல்லி அனுப்பிருக்கு. சொல்ப ஹொத்து ஆகும்." கொஞ்ச நேரம் ஆகும் என்கிறார். சொல்ப என்பது எவ்வளவு என்று இந்த மாநிலத்தில் எவரும் சொன்னதில்லை.

போனை உயரத் தூக்கிக்கொண்டு பாறைமேல் ஏறினேன். வளைவுக்கு வளைவு ஓடினேன். ஒரு மனிதர் என்னைப் பார்த்து, "குரங்குக்குப் பயந்தா சார்?" என்று கேட்டார். சிரிப்பு வரவில்லை. இரண்டு பக்கமும் எனக்காக ஆட்கள் காத்திருந்தார்கள். இரண்டு பக்கமும் இருக்கிறாயா என்று கேட்டுக்கொண்டிருப்பார்கள். இரண்டு பக்கத்துக்கும் என்னிடமிருந்து பதில் போகாது. அந்தக் காட்டில் நான் கை கால் ஆரோக்கியத்தோடு, பட்டு வேட்டி கட்டிக்கொண்டு, சீர்த்தட்டோடு உயிரோடு நிற்கிறேன் என்பது என்னைத் தவிர யாருக்கும் தெரியாது.

"டென்ஷன் பண்ணிக்காதீங்க ரீ" என்றாள் பிரேமா. "உங்கள விட்டுட்டுப் பண்ணிடுவாங்களா? இருந்து பண்ணுவாங்க."

நானும் அதைத்தான் நம்பினேன். பிறகுதான் யோசனை வந்தது. கிரீஷுக்கு நான் கட்டளை கொடுத்திருக்கிறேன். என் பதில் வராவிட்டாலும் காத்திரு என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறேன். கலாவுக்கு என்ன சொல்லியிருக்கிறேன்? வந்துருவேன் என்று மட்டும். வராவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்கு நான் சொல்லவே இல்லை. அப்படி ஒன்று தேவைப்படும் என்றே எனக்குத் தோன்றவில்லை. ஊரில் என் இடம் எனக்காக எப்போதும் காலியாகவே இருக்கும் என்று, அந்த வளைவில் நிற்கும்வரை நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

6

கிரேன் வந்து லாரியை நகர்த்திய பிறகு, எல்லை தாண்டிக் கொளத்தூர் வந்ததும் போன் உயிர்பெற்று அதிர்ந்து தள்ளியது. கலாவிடமிருந்து தவறிய அழைப்புகள் ஒரு முழத்துக்கு. அலுவலகத்திலிருந்து இன்னொரு முழம். கலாவைக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. மேளச் சத்தத்தில் எங்கே கேட்கப்போகிறது. அலுவலகத்தைக் கூப்பிடவில்லை. வண்டியை விரட்டினேன்.

மேட்டூரைத் தாண்டி, கலாவின் புகுந்த வீட்டுக் குலதெய்வக் கோயில். ஒரு தட்டை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு ஓடினேன். வேப்பமரத்தடியில் கூட்டம். நடுவில் நாற்காலியில் செல்வம். அவன் மடியில் யாழினி, மொட்டைத் தலையில் சந்தனத்தோடு. ஒரு காது முடிந்திருந்தது. அந்தக் காதில் நான் கொண்டுவராத ஒரு கம்மல் மின்னியது. ஆசாரி அடுத்த காதுக்குப் பக்கம் மாறி உட்கார்ந்துகொண்டிருந்தார்.

என்னைப் பார்த்ததும் மேளம் தானாக நின்றது. செல்வத்தின் முகம் வெளிறிவிட்டது. அவன் குழந்தையோடு எழுந்திருக்கப் பார்த்தான்.

"அண்ணா, வாங்கண்ணா... வந்து உக்காருங்கண்ணா. போன் போகல. நல்ல நேரம் முடியப்போவுதுன்னாங்க. நான் சும்மா புடிச்சுட்டுத்தான் இருந்தேன்."

கலா ஓடி வந்து என் கையைப் பிடித்தாள். கண்ணெல்லாம் மை கலைந்திருந்தது. "எத்தனவாட்டி கூப்டேன் தெரியுமாங்ணா! உங்களுக்கு என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன். அப்பறம், எப்பவும்போல ஆபீசுல புடிச்சுக்கிட்டாங்கன்னு..."

அவளுடைய மாமனார் தீர்ப்பு சொல்லிவிட்டார். "அதனால என்னாங்க, இன்னொரு காது இருக்குதில்ல. மொறைக்காரர் வந்துட்டாரு. புள்ளையத் தூக்கி அவரு மடியில வையுங்க."

எல்லோருக்கும் அது சரியாகப்பட்டது. ஆளுக்கொரு காது. யாருக்கும் மனக்குறை இல்லை. யாரோ இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டார்கள். நான் உட்கார்ந்தேன். செல்வம் குழந்தையைத் தூக்கி நீட்டினான். யாழினி என்னைப் பார்த்தாள். என்னை அவள் போனில்தான் பார்த்திருக்கிறாள், அதுவும் எப்போதாவது. தனக்குத் தெரிந்த முகம் இல்லை என்று அவள் தீர்மானிக்க ஒரு கணம் போதுமானதாக இருந்தது. காது வலிக்காகக்கூட அப்படி அழுதிருக்க மாட்டாள். செல்வத்தின் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, காலை உதைத்து, "செல்மா, செல்மா" என்று கத்தினாள். செல்வம் மாமா என்பதை அவள் அப்படித்தான் சுருக்கி வைத்திருந்தாள் போல.

என் தொழிலில் இதற்கு ஒரு விதி உண்டு. விழுந்துபோய் எழுந்து வரும் பழைய முதன்மை, நான்தான் தலை என்று உள்ளே நுழையக் கூடாது. அந்த இடத்தில் ஏற்கெனவே ஒருவன் உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருக்கிறான். வந்தவன் அவனுக்குத் துணையாகத்தான் சேர வேண்டும். சனிக்கிழமை ஒத்திகையில் ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு இதைப் பலகையில் படம் போட்டு விளக்கி, கைதட்டல் வாங்கியவன் நான்.

"செல்வம், நீயே வெச்சுக்கோ" என்றேன். "அழ வெக்காத. அங்கயே இருக்கட்டும்."

"அண்ணா, வேண்டாங்ணா..."

"உக்காரு சாமி. நேரம் போவுது."

மேளம் மறுபடி தொடங்கியது. அதே நேரம் என் இடுப்பில் போன் துடித்தது. பிரகாஷ் சார். எடுத்தேன். டிஸ்க் நிரம்பும் நிலைக்கு வந்துவிட்டதாம், ஆஸ்பத்திரிகளில் எல்லாம் மெதுவாகிவிட்டதாம், காகிதத்தில் எழுத ஆரம்பித்துவிட்டார்களாம். கிரீஷ் எதையும் தொடமாட்டேன் என்கிறானாம். "நிமகோஸ்கர காயித்தா இத்தீவி முருகேஷ்" என்றார். உங்களுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறோம்.

பிரேமா வண்டியிலிருந்து பையைக் கொண்டுவந்து கொடுத்தாள். எனக்காகப் போட்ட அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து திறந்தேன். செல்வத்தின் மடியில் குழந்தை. என் மடியில் லேப்டாப். யாழினி இரண்டாவது காதுக்கு அழுதபோது நான் நிமிர்ந்து பார்த்தேன். செல்வம் அவள் தலையைத் தன் நெஞ்சோடு இறுக்கிப் பிடித்து, அவள் அழுகைக்கு அவனும் கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தான். எனக்கு அவன்மேல் கோபமே வரவில்லை. பொறாமைதான் வந்தது. நெஞ்சு எரிகிற அளவுக்கு வந்தது. குனிந்து கட்டளைகளைத் தட்டத் தொடங்கினேன். பந்தி முடிந்து இலை எடுக்கும்போதுதான் கோவையும் மைசூரும் பேசிக்கொள்ள ஆரம்பித்தன.

7

வர்ஷா ‘பேக்கப்பா’ என்று கேட்டுவிட்டுப் போன பிறகு, கலாவை அழைத்தேன்.

"பேரெல்லாம் சரியா இருக்கு கண்ணு. ஒண்ணே ஒண்ணுதான்."

"என்னங்ணா? ரெண்டு பேரு போட்டது தப்பாங்ணா?" அவசரமாகச் சொன்னாள். "நீங்க வந்தா நீங்க. வர முடியலீன்னா செல்வண்ணன். உங்களுக்கும் டென்ஷன் வேண்டாம், எனக்கும் வேண்டாம்னு..."

நல்ல ஏற்பாடு. நானே போட்டிருந்தாலும் இப்படித்தான் போட்டிருப்பேன்.

"பையன் யாருகிட்ட அழாம உக்காருவான்?"

அந்தப் பக்கம் குக்கர் விசில் கேட்டது.

"செல்வண்ணங்கிட்ட" என்றாள்.

"அப்ப அவன் பேர மேல போடு. என் பேரக் கீழ போடு."

"கோவமாங்ணா?"

"கோவமெல்லாம் இல்ல. நான் முந்தின நாளே வந்தர்றேன். அவனுக்கு ஏதாச்சும் அவசரம்னா உக்கார ஒரு ஆளு வேணுமில்ல?"

கலா என்னைக் குத்திப் பேசத் தெரியாதவள். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். எனக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு, கொஞ்சம் சிரித்தபடியேதான் அதைச் சொன்னாள்.

"அவசரத்துக்குக்கூட நீங்க கெடைக்க மாட்டீங்களேங்ணா."

போனை வைத்துவிட்டு, பத்திரிகையில் இருந்த தேதியைக் குறித்துக்கொண்டேன்.

மறுநாள் அலுவலகம் போனதும் முதல் வேலையாக விடுமுறை விண்ணப்பத்தைத் திறந்தேன். இரண்டு நாள். காரணம்: தங்கை மகன் காதுகுத்து. பதிலாள் என்ற கட்டத்தில் கிரீஷின் பெயரைத் தட்டினேன். வாழ்க்கையில் முதல்முறை. பிரகாஷ் சாரிடம் பேசி அவனுக்கு அனுமதி வாங்கிவிடலாம், ஒரு வாரத்தில் எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்துவிடலாம் என்று மனதுக்குள் கணக்குப் போட்டேன். பதிலாள் பெயர் விழுந்ததுமே அவருக்குத் தகவல் போய்விடும். நாலு மேஜை தள்ளி உட்கார்ந்திருந்த கிரீஷ் எழுந்து வந்தான்.

"சார், அன்னைக்கு நானும் ஊர்ல இல்ல. மண்டியாவுல எங்க மாமா வீட்டு கிருஹப்பிரவேசம்." தலையைச் சொறிந்தான். எனக்காக வரவழைத்துக்கொண்ட தமிழில் பேசினான், பாவம். "நீங்க எப்பவும்போல உங்க பேரே போட்டுருங்க சார். ஏனு ஆகல்லா."

ஒன்றும் ஆகாது என்கிறான். அவன் பெயரை அழித்தேன். முருகேசன் என்று தட்டினேன்.

ஏற்கப்பட்டது என்று உடனே பச்சை எழுத்தில் வந்தது.